திரையில் தெரிந்த பட்டா, சபையில் வாசித்த கணக்கு

அப்பா காலமாகி ஏழு மாதங்கள் கழித்து, இங்கிலாந்தில் என் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே ஊரிலுள்ள எங்கள் நிலத்தின் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற வருவாய்த்துறைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைத் தெரிவு செய்ததும் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயரோடு தமிழில் வந்து நின்றது. இதே நகலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அப்பா மூன்று நாள் அலைந்தபோது சிறுவனாக உடன் நடந்தவன் என்பதால், அந்த ஒரு பக்கத்தைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்ந்தது. நெகிழ்ச்சி அடங்கியபின்தான் பரப்பளவைக் கவனித்தேன். 1968ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின்படி எங்கள் நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட்; ஹெக்டேரில் ஏறத்தாழ 0.48.5 என்று இருந்திருக்க வேண்டும். திரையில் இருந்ததோ 0.40.5. இருபது சென்ட் நிலம் கணக்கில் இல்லை.

2024 ஆகஸ்டில் மூன்று வார விடுப்பில் ஊருக்குச் சென்றதற்கு இதுவே முதன்மையான காரணம். தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றிலுள்ள சிற்றூர் அது. அங்கு கண்டவற்றை, இணையத்தின் வழியாக அரசு மக்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற ஒரே கேள்வியை முன்வைத்து எழுதுகிறேன்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு நான் வருவதற்கு முன்பே அக்கா இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அது கையில் இருந்தது. பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றியே பார்க்க முடிந்தது. ஒரு சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்திய தளங்கள் இந்தியக் கைபேசி எண்ணுக்கே ஓடிபி அனுப்பின. எனக்கு அக்காவின் கைபேசி துணைக்கு இருந்தது. மையத்தில் வரிசையில் நின்ற முதியவர்கள் பலருக்கு அந்தத் துணை மகனாகவோ மையத்தை நடத்துபவராகவோ இருந்தது. தன் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் குறுஞ்செய்தி வேறொருவருடைய சட்டைப்பையில் போய்ச் சேரும்போது, அந்த மனுவைப் பற்றி அவர் கேட்க நினைக்கும் கேள்வியும் அந்த வேறொருவர் வழியாகவே போக வேண்டியிருக்கிறது.

இனிப் பரப்பளவுக்கு வருகிறேன். ஊரில் இதற்கு 'யு.டி.ஆர். தப்பு' என்று பெயர். யு.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பெயரில் 1979இல் தொடங்கிய பதிவேட்டுப் புதுப்பிப்பு 1980களில் முடிந்தபோது, பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்குப் பெயர்களையும் பரப்பையும் கையால் எழுதி மாற்றினார்கள். அப்போது நேர்ந்த பிழைகள் பல பிற்பாடு அப்படியே கணினியில் ஏறின. ஆகவே இணையம் எனக்குப் பிழையை மிகத் தெளிவாகக் காட்டியது. அந்தப் பிழை எந்த ஆண்டில், எந்த ஆவணத்திலிருந்து எந்த ஆவணத்துக்கு மாறும்போது வந்தது என்பதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். உரிய அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்து, மனு எண் பெற்று, பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது 'ஆவணம் போதாது' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. எந்த ஆவணம், ஏன் போதாது என்று அதில் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த எழுத்தர், பழைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்று பொறுமையாகவே விளக்கினார். அவர் வாயால் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திரையில் எழுதியிருந்தால், இரண்டு பேருந்து மாறிப் போகும் பயணம் எனக்கும், என்னைப் போல அன்று வந்திருந்த மற்றவர்களுக்கும் மிச்சமாகியிருக்கும்.

பழைய பதிவேட்டின் நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். நாடு முழுவதற்குமான அந்தச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது என்பதை இளைய தலைமுறையில் பலர் அறியார். விதிவிலக்குகள் மிகுந்த வலுவற்ற சட்டம்தான், எனினும் முன்னோடி. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2013 முதல் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் கட்டணம் செலுத்த மின்னணு அஞ்சல் ஆணையும் அதே ஆண்டில் வந்தது. நானோ ஊரிலேயே இருந்ததால் பழைய வழியை நாடினேன்: வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்பினேன். முப்பது நாள் கெடுவுக்குள், இருபத்தாறாம் நாள், பதில் அக்காவின் வீட்டுக்கு வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டியதும் நகல் கிடைத்தது. புதிய கணக்கு எழுதியபோது எங்கள் இருபது சென்ட் பக்கத்துப் புல எண்ணோடு சேர்ந்துவிட்டது அதில் தெளிவாகத் தெரிகிறது. அதே பக்கத்தில் இன்னும் நான்கு குடும்பங்களின் பரப்பும் அதே விதமாக மாறியிருப்பது தெரிகிறது.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. அந்த நான்கு குடும்பங்களில் இரண்டு குடும்பத்தார் ஏற்கெனவே தனித்தனியாக மனு கொடுத்திருந்தார்கள். ஒருவர் மனு மற்றவருக்குத் தெரியாது. என் மனு அவர்களுக்குத் தெரியாது. இணையவழி மனு என்பது மனுதாரருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் போகும் மூடிய உறையாகவே இருக்கிறது. மனு எண் உள்ளவர் தம் மனுவை மட்டும் பார்க்கலாம்.

நான் வாழும் நாட்டில் 2007 முதல் இயங்கும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தில், தெருவிளக்கு எரியவில்லை, சாலையில் பள்ளம் என்று ஒருவர் எழுதும் புகார் வரைபடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. உள்ளாட்சி மன்றம் பதில் எழுதினால் அதையும் அங்கேயே படிக்கலாம். அதை உருவாக்கிய மைசொசைட்டி என்ற அறக்கட்டளை 2008இல் தொடங்கிய வாட்டூதேநோ தளத்தின் வழியே அனுப்பும் தகவல் உரிமைக் கேள்வியும், அதற்கு வரும் விடையும் யாரும் படிக்கும்படி வெளியாகின்றன. ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் மீண்டும் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி பொதுவில் இருப்பதால் கேட்பவர் தனியாள் ஆகிவிடுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எவரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. ராஜஸ்தான் அரசு அந்தப் பிரிவை ஒட்டி 2019 செப்டம்பரில் 'ஜன் சூச்னா' என்ற பொதுத் தகவல் தளத்தைத் திறந்தது. ஊர் ஊராகக் கணக்கை மக்கள் முன் வாசித்துக் கேட்ட மஸ்தூர் கிஸான் சக்தி சங்கதன் போன்ற அமைப்புகளின் நீண்ட போராட்டம் அதன் பின்னால் உண்டு. பழைய நிலப் பதிவேடுகளை அப்படித் திறந்து வைத்தால், யு.டி.ஆர். தப்பால் அலைகிறவர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று காலை கிராம சபைக்குப் போனேன். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறாகியிருக்கின்றன. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். என் பெயர் இப்போது அங்கே இல்லை என்பதால் ஓரமாக அமர்ந்து கேட்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள் முந்தைய இரவு இ-கிராம்ஸ்வராஜ் தளத்தைத் திறந்து, மத்திய அரசு தரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் எங்கள் ஊராட்சி செய்த செலவுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் எந்த ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் யாரும் பார்க்கலாம். பணிகளின் பெயர்களோ ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில் இருந்தன. "மாமா, இது கால்வாயா, வாய்க்காலா?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியையும் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டாள். ஒன்பது வரிகளை எழுத நள்ளிரவாகிவிட்டது.

சபையில் அவள் எழுந்து அந்த ஒன்பது வரிகளையும் தொகையோடு வாசித்தாள். அதுவரை தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அமைதியானார்கள். குடிநீர்க் குழாய்ப் பழுதுக்கு எழுதியிருந்த தொகை கூடுதலாகத் தெரிகிறதே என்று ஒருவர் கேட்டார். ஊராட்சித் தலைவர் உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துவந்து, அது இரண்டு குக்கிராமங்களுக்குச் சேர்த்துச் செய்த வேலை என்றும், எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் குழாய் மாற்றினார்கள் என்றும் சொன்னார். அந்தத் தெருக்காரர்கள் ஆமாம் என்றார்கள். மறைக்க ஒன்றுமில்லாத தலைவருக்கு அந்தக் கேள்வி உதவியே செய்தது. அதுவரை ஊரில் உலவிய பேச்சு அங்கேயே முடிந்துபோனது. ஒரு வடிகால் பணிக்கு மட்டும் உடனடி விடை இல்லை. செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தை அடுத்த கூட்டத்தில் சபை முன் வைக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அவள் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கணக்கு பல மாதங்களாக இணையத்தில் இருந்ததுதான். யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் அதை ஊர்ப் பேச்சில் எழுதி, ஊர் கூடிய இடத்தில் வாசிக்கும்வரை எங்கள் ஊரில் அது வெளியான கணக்காக இல்லை. மொழி இதில் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு 2020ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவே சான்று. மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியான அந்த வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. படிக்க முடியாத ஒன்றின்மேல் கருத்துக் கேட்பது முறையாகாது. ஊராட்சிக் கணக்கில் இன்னும் எளிய வழி உண்டு: தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் சபை கூடுவதற்கு ஒரு வாரம் முன்னால், செலவுப் பக்கத்தைத் தமிழில் ஒரே தாளாக அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால், கைபேசி இல்லாதவரும் தம் கேள்வியோடு சபைக்கு வருவார்.

நான் திரும்பிய பிறகு அக்டோபர் 2 அன்று நடந்த சபையில் வடிகாலின் அளவுப் புத்தகத்தைக் காட்டியதாகவும், இரண்டு இளைஞர்கள் தானாகவே நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்ததாகவும் அக்கா மகள் சொன்னாள். எங்கள் பட்டாவில் இன்னும் 0.40.5 என்றே இருக்கிறது. பழைய பதிவேட்டின் அந்த ஒரு பக்கத்தை ஐந்து படிகள் எடுத்து, நான்கை அந்த நான்கு வீடுகளிலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த முறை ஐந்து குடும்பத்தாரும் ஒரே மனுவில் கையெழுத்திடுகிறார்கள்.