பெரிய டீமில் பைத்தான்: பல வருஷம் ஓட்டிய பிறகு

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் புது வேலையில் சேர்ந்திருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், இருபது பேர் டீம், சாஃப்ட்வேர் எல்லாம் புதுசா எழுதப் போறோம். பைத்தான்ல போலாமா?" போனில் சொன்ன பதில் அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது பெல்லந்தூர் பக்கம், பார்சல் டெலிவரி சம்பந்தமான ஒரு கம்பெனியில். நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த பைத்தான் கோடில் இப்போது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கை வைக்கிறார்கள். பைத்தான் மெதுவானது, ஜிஐஎல் (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓட விடும் பூட்டு) தொல்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. எங்கள் வேலையில் பெரும்பாலான நேரம் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருப்பதில் போகிறது, எனவே வேகம் எங்களை உறுத்தியதே இல்லை. விடாமல் உறுத்துவது ஒன்றுதான். ஒரு ஃபங்ஷனுக்குள், சாவி-மதிப்பு ஜோடிகளாக டேட்டாவைச் சுமந்து வரும் டிக்‌ஷனரியில் என்ன இருக்கிறது என்பது அந்த ஃபங்ஷனைப் படித்தால் தெரியாது.

ஆர்டர் என்று ஒரு டிக்‌ஷனரி உள்ளே வரும். ஒருவர் அதில் எடையைச் சேர்ப்பார், அடுத்தவர் பின்கோடைச் சேர்ப்பார், மூன்றாமவர் தேவையில்லை என்று ஒன்றை எடுத்துவிடுவார். ஏழெட்டு ஃபங்ஷன் தாண்டி என் கைக்கு வரும்போது அதில் தொகை இருக்குமா, இருந்தால் ரூபாயா பைசாவா, எண்ணா ஸ்ட்ரிங்கா (எழுத்தா)? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தாலும் அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்தான் தெரியும்.

சமீபத்தில் முடித்த ஒரு பழுதுவேலையைச் சொல்கிறேன், என் கோபத்தின் காரணம் புரியும். வியாபாரிகள் அனுப்பும் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரி படிக்கிறது. கோரமங்கலாவின் பின்கோடு 560034 அதற்கு ஒரு முழு எண். அந்த நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்துவிட்டால் போதும், முழு நெடுவரிசையும் தசம எண்ணாகிவிடும், 560034.0 என்று. அதை யாரோ ஸ்ட்ரிங்காக மாற்றியிருக்கிறார்கள். கட்டண அட்டவணையில் இருப்பதோ "560034". இரண்டும் பொருந்தாது. அட்டவணையில் கிடைக்காவிட்டால் பொதுக் கட்டணத்தை எடு என்று ஒரு இயல்பு மதிப்பும் கொடுத்திருந்தது. எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை, ஏனென்றால் டெஸ்டில் பின்கோடைக் கையால் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஊருக்குள் போகும் பார்சலுக்கு வெளியூர்க் கட்டணம் விழுந்தது. வியாபாரி பில்லைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

நியாயமாகப் பேச வேண்டும். ஜாவாவின் மேப்பிலும் தேடும்போது எந்த வகைச் சாவியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, இல்லை என்று சும்மா பதில் சொல்லும். ஆனால் அங்கே பின்கோடு என்ன வகை என்று கிளாஸில் ஓரிடத்தில் எழுதியே ஆக வேண்டும். எங்களிடம் அது ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் நோட்டீஸ் பீரியட் முடித்து ஒயிட்ஃபீல்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பெங்களூரில் டீம் என்பது நிலையான ஆட்கள் இல்லை. இரண்டு வருஷம் இருந்தாலே சீனியர். டேட்டாவின் வடிவம் எழுத்தில் இல்லாமல் ஆட்களின் நினைவில் இருந்தால், ஒவ்வொரு ராஜினாமாவோடும் அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் எதையும் மாற்றப் பயப்படுகிறார்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரு சாவியின் பெயரை மாற்ற நினைத்துத் தேடினால் திரை நிரம்ப வருகிறது. எது ஆர்டரின் ஸ்டேட்டஸ், எது பேமெண்டின் ஸ்டேட்டஸ் என்று எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியில் பழைய பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். இப்படியே கோட் அழுகுகிறது.

டைப் ஹின்ட் (எந்த வகை டேட்டா என்று கோடிலேயே எழுதும் குறிப்பு) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எனக்கு அது உண்மையிலேயே பிடிக்கும். 2015இல் பைத்தான் 3.5இல் வந்தது. அந்த ஹின்ட்களைச் சரிபார்க்கும் மைபை என்ற சோதனைக் கருவி, யுக்கா லெஹ்தோசாலோ கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஆரம்பித்தது. பிறகு டிராப்பாக்ஸில் வளர்ந்தது, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமே அப்போது அங்கே வேலை பார்த்தார். 2019இல் அந்தக் கம்பெனியின் நாற்பது லட்சம் வரிகள் மைபையால் சோதிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் கோடை நிறுத்தாமல் ஃபைல் ஃபைலாக வகை சேர்க்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை. நாங்களும் அப்படித்தான் சேர்த்தோம். சேர்த்த இடங்களில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ஆனால் ஓட்டையும் அங்கேயேதான். வகை எழுதும் இடத்தில் வெறும் டிக்ட் (டிக்‌ஷனரியின் சுருக்கம்) என்று எழுதினால், சாதாரண அமைப்பில் உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மைபை ஒத்துக்கொள்ளும். 'எனி' (எந்த வகையும்) ஒரு இடத்தில் நுழைந்தால் அதைத் தொடும் எல்லா இடத்திலும் சோதனை மௌனமாகிவிடும். ரிலீஸ் அவசரத்தில் இந்த வரியைப் பார்க்காதே என்று ஒரு கமெண்ட் போட்டுவிட்டுப் போகலாம். அப்புறம், ஓடும்போது பைத்தான் இந்த ஹின்ட்களைச் சரிபார்ப்பதே இல்லை. வெளியிலிருந்து வரும் டேட்டாவுக்குப் பைடான்டிக் போன்ற சரிபார்க்கும் லைப்ரரி ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் வெர்ஷனைப் பார்க்க வேண்டும்: வெர்ஷன் 1 எண்ணைக் கொடுத்தால் சத்தமில்லாமல் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொண்டது, 2023இல் வந்த வெர்ஷன் 2 இயல்பாகவே மறுத்துவிடுகிறது. எங்கள் பின்கோடு இப்போது வாசலிலேயே நிற்கிறது.

இவ்வளவு திட்டியும் பைத்தானிடம் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. நடுராத்திரி ஆன்-காலில் அழைப்பு வந்தால் ஷெல்லை (கட்டளையை உடனே ஓட்டிப் பார்க்கும் திரை) திறந்து, சிக்கிய அந்த ஆர்டரையே எடுத்து, சந்தேகப்படும் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பில்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பைத்தான் 3.11 வந்த பிறகு வரியில் எந்தத் துண்டில் உடைந்தது என்று எரரே அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. தூக்கக் கலக்கத்தில் அது பெரிய உதவி. புதிதாகச் சேர்பவர்களும் முதல் வாரத்திலேயே உருப்படியாக எழுதுகிறார்கள். சேலத்திலிருந்து வந்த ஃப்ரெஷர் தம்பி ஒருவர் எழுதிய ரிப்போர்ட் இன்றும் மாறாமல் ஓடுகிறது. படிக்கும்போது மனிதர் பேசுவது போல இருக்கும் மொழி இது. தனியாக ஒரு வேலைக்கு உட்கார்ந்தால் நான் வேறெதையும் எடுக்க மாட்டேன்.

ஆனாலும் நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. பில், கட்டணம், பணம் என்று வரும் இடத்தில் இருபது பேர் சேர்ந்து எழுதப் போகிறீர்கள் என்றால் ஜாவாவே எடு. 2021இல் வந்த ஜாவா 16இலிருந்து ரெக்கார்ட் இருக்கிறது, டேட்டாவின் வடிவத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம், முன்பிருந்த சலிப்பில் பாதி போயிற்று. மெஷின் லேர்னிங், ரிப்போர்ட், ஸ்கிரிப்ட் எல்லாம் பைத்தானில் இருக்கட்டும். இந்தப் பழுதுவேலைக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு மனசு ஒப்பவில்லை. மேலிடம் பைத்தான்தான் என்று முடிவு செய்துவிட்டால், முதல் கமிட்டிலேயே மைபையை ஸ்ட்ரிக்டில் போட்டுவிடு, சிஐ (தானாக ஓடும் சோதனை) சிவப்பானால் மெர்ஜ் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லிவிடு. ரிவியூவில் வெறும் டிக்ட் வாங்கும் ஃபங்ஷன் வந்தால், எழுதியவர் மேனேஜராகவே இருந்தாலும் திருப்பி அனுப்பு.