முதல் டிராவல் டிரெய்லர்: சிறியதா, பெரியதா?

வாகனத்தின் பின்னால் இழுத்துச் சென்று உள்ளேயே தங்கும் டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னவுடனே, ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேரும். எப்படியும் ஓரிரு ஆண்டுகளில் பெரியதாக மாற்றத்தான் போகிறீர்கள், அதை இப்போதே வாங்கிவிடுங்கள் என்பது ஒன்று. இழுக்கப் பழகும்வரை பெரியதில் கை வைக்காதீர்கள், சிறியதில் தொடங்குங்கள் என்பது மற்றொன்று. இருவருமே சொந்த அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தங்களிடம் எந்த வாகனம் இருந்தது, எத்தனை பேர் பயணம் செய்தார்கள், எப்படிப்பட்ட இடங்களில் தங்கினார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவதால், கேட்பவருக்கு அந்த அனுபவம் பாதிதான் பயன்படுகிறது.

ஒப்பீட்டுக்காகச் சிறியது என்பதை 5 முதல் 6 மீட்டர் நீளமும் ஒற்றை அச்சும் கொண்ட, பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறை இல்லாத, தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய பிறகு 1,800 கிலோ வரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். பெரியது என்பது 8 முதல் 9 மீட்டர் நீளம், இரட்டை அச்சு, ஒரு ஸ்லைடு-அவுட், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் ஆகியவற்றோடு 3,200 கிலோ வரும் வண்டி.

விற்பனைக் கூடத்தில் எல்லோரும் முதலில் உள்ளே ஏறிக் கட்டிலையும் சமையல் மேடையையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல, இழுக்கப் போகும் வாகனத்தின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சிறிய ஒட்டுவில்லை. வட அமெரிக்காவில் விற்கப்படும் வாகனங்களில், பயணிகளும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்ற பேலோடு வரம்பு அதில் அச்சிடப்பட்டிருக்கும். டிரெய்லரின் முன்பாகம், அதை வாகனத்தோடு இணைக்கும் ஹிட்ச் என்ற கொக்கியின் உருண்டை மேல் அழுத்தும் எடையும், அதாவது டங் வெயிட்டும், இந்தக் கணக்கில்தான் சேரும். அந்த எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.

ஒரு பிக்-அப் வண்டியின் இழுதிறன் 4,500 கிலோ, பேலோடு 700 கிலோ என்று கொள்வோம். 3,200 கிலோ டிரெய்லரை அது எளிதாக இழுத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் டங் வெயிட் 400 கிலோ, எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 40 கிலோ, பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 250 கிலோ, பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, மிதிவண்டி என 80 கிலோ என்று கூட்டினால் 770 கிலோ ஆகிவிடுகிறது. இழுதிறனில் 1,300 கிலோ மீதமிருக்கும்போதே பேலோடு தாண்டிவிட்டது. அதே குடும்பம் அதே வண்டியில் சிறிய டிரெய்லரை இழுத்தால், சாதாரண ஹிட்சின் 20 கிலோவையும் 225 கிலோ டங் வெயிட்டையும் சேர்த்தாலும் 575 கிலோவோடு நின்றுவிடும்.

இந்த வேறுபாடு ஏன் விளம்பரத்தில் தெரிவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இழுதிறனை அளக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும், எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரநிலையில், வாகனத்தில் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது, அதுவும் ஆளுக்கு ஏறத்தாழ 68 கிலோ. பிள்ளைகளும் நாயும் குளிர்பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை. டிரெய்லரின் கையேட்டில் தரப்படும் காலி எடையிலும் இதே சிக்கல்தான். தண்ணீரும் பாத்திரங்களும் துணிமணிகளும் அதில் சேராது, பேட்டரி கூடச் சில நேரங்களில் சேராது. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ கூடிவிடும். ஆகவே காலி எடையை வைத்து ஒப்பிடாமல், அந்த டிரெய்லர் தாங்கக்கூடிய உச்ச எடையை வைத்து ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

காரவன் எனப்படும் ஐரோப்பிய டிரெய்லர்களைப் பற்றிப் படித்துவிட்டு அந்த எண்களை வட அமெரிக்க டிரெய்லர்களுக்குப் பொருத்தக் கூடாது. ஐரோப்பாவில் முன்பக்க எடை 5 முதல் 7 சதவீதத்திலேயே வைக்கப்படுகிறது, கார்களின் ஹிட்சும் அதிக எடையைத் தாங்குவதற்கு வடிவமைக்கப்படுவதில்லை. பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் வழிகாட்டுதல் இன்னும் எளிமையானது: சாமானோடு சேர்ந்த காரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். அது சட்டமல்ல, ஆனால் பழகாத கைக்கு ஏற்ற வரம்பு.

சாலையில் பெரியதற்கு எதிரி காற்று. ஒன்பது மீட்டர் நீளமுள்ள தட்டையான பக்கச் சுவர் மீது குறுக்குக் காற்று அடிக்கும்போதும், கனரக லாரி ஒன்று முந்திச் செல்லும்போதும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கலாம். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் திருப்பிச் சமாளிக்கப் பார்ப்பதும் காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஆட்டத்தை மோசமாக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச், பின் அச்சில் விழும் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றித் தருகிறது. அதற்காக வாகனத்தின் வரம்பு உயர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சிறியதும் இந்த ஆபத்திலிருந்து முற்றிலும் தப்பியது அல்ல. பின் பம்பரில் நான்கு மிதிவண்டிகளைத் தொங்கவிட்டால் முன்பக்க எடை குறைந்து, குட்டி டிரெய்லரும் அதே ஆட்டத்தை ஆடும்.

எரிபொருள் விஷயத்தில் சிறியதை வாங்கியவர்கள் கொஞ்சம் ஏமாறுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருளைத் தின்பது பெரும்பாலும் காற்றுத் தடைதான், அதைத் தீர்மானிப்பது நீளத்தைவிட முகப்பின் பரப்பு. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள எந்த டிரெய்லருக்கும் முகப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எனவே சமதளத்தில் இரண்டுக்குமான வேறுபாடு எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. எடையின் வேறுபாடு மலையேற்றத்திலும் நகர நெரிசலில் நின்று நின்று போகும்போதும்தான் தெரியும்.

பின்னோக்கி ஓட்டுவதில் பொது நம்பிக்கைக்கு நேர்மாறான நிலை இருக்கிறது. சிறியது எளிது என்று நினைப்போம், ஆனால் குட்டையான டிரெய்லர் ஸ்டியரிங்கின் சிறு அசைவுக்கும் சட்டென்று மடங்கிவிடும். நீளமானது மெதுவாகத் திரும்புவதால், தவறைக் கண்டு திருத்த நேரம் கிடைக்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டு, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது என்ற பழைய உத்தி இரண்டுக்கும் பொருந்தும். இருட்டில், மரக்கிளை தொங்கும் குறுகிய முகாம் தளத்தில் என்றால் மட்டும் பெரியதை ஓட்டுபவருக்கு இன்னொருவர் பின்னால் நின்று வழிகாட்டியே ஆக வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்பதும், நிறுத்து என்பதற்கு ஒரே சைகையை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வதும் குடும்ப அமைதிக்கும் நல்லது.

உள்ளே வாழும் அனுபவத்தில் பெரியது ஜெயிக்கிறது, அதில் ஐயமில்லை. சிறியதை விற்றுவிட்டுப் பெரியதற்குப் போனவர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி வருவது இடநெருக்கடி கூட அல்ல. சாப்பாட்டு மேசையைத் தினமும் இரவில் கட்டிலாக மடித்து, காலையில் மறுபடியும் மேசையாக விரிக்கும் வேலைதான். முதல் பயணத்தில் அது வேடிக்கையாக இருக்கும். மழைநாளில் இரண்டு பிள்ளைகள் விழித்திருக்க, ஒருவர் தூங்க விரும்பும்போது வேடிக்கை முடிந்துவிடும். கழிவறையும் குளியலறையும் ஒன்றாக இருக்கும் ஈரக் குளியலறையும் அப்படியே. குளித்த பிறகு கழிவறையைத் துடைக்காமல் அடுத்தவர் உள்ளே போக முடியாது.

ஆனால் ஸ்லைடு-அவுட் உள்ள டிரெய்லரைப் பார்க்கும்போது, அதை மூடிய நிலையில் ஒருமுறை உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும். கழிவறைக் கதவு திறக்கிறதா, குளிர்பெட்டியை எட்ட முடிகிறதா என்று சோதியுங்கள். பயணத்தின் நடுவே சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தும்போது ஸ்லைடைத் திறக்க வழியிருக்காது, அப்போதுதான் இந்தக் கேள்வி உறைக்கும். ஸ்லைடு கூடுதல் எடையையும் மோட்டாரையும், தண்ணீர் புக வாய்ப்புள்ள ரப்பர் விளிம்பையும் கொண்டுவருகிறது.

தங்கும் திட்டம்தான் பலர் கடைசியில் யோசிப்பது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் தரும் தளங்களில் ஒரு வாரம் ஓரிடத்திலேயே தங்குபவர்களுக்குப் பெரியதன் குறைகள் எதுவும் தெரியாது. வட அமெரிக்கத் தளங்களில் 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும், ஒரு ஏ.சி.க்கும் மற்ற சிறு கருவிகளுக்கும் அது போதும். இரண்டு ஏ.சி. உள்ள டிரெய்லருக்கு 50 ஆம்ப் இணைப்பைத் தேடிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். பழைய தேசியப் பூங்காக்களின் முகாம் தளங்கள், இன்றைய நீளங்களை யாரும் கற்பனை செய்யாத காலத்தில் அமைக்கப்பட்டவை. அங்கே 9 மீட்டர் டிரெய்லருக்கு இடம் கிடைப்பதைவிட 6 மீட்டருக்குக் கிடைப்பது எளிது. தள நீளத்தைப் பார்க்கும்போது இழுக்கும் வாகனத்துக்கும் சேர்த்தா, டிரெய்லருக்கு மட்டுமா என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இணைப்பு எதுவும் இல்லாத இடங்களில் பெரியதற்குப் பெரிய தொட்டிகள் இருப்பது சாதகம் என்பார்கள். தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அந்தச் சாதகம் கரைந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் மூன்று நிமிடக் குளியலுக்கு 18 லிட்டர், நான்கு பேருக்கு 72 லிட்டர். 150 லிட்டர் தொட்டி இரண்டு நாளில் தீர்ந்துவிடும், அதற்கு முன்பே குளியல் நீர் சேரும் தொட்டி நிறைந்துவிடுவதும் உண்டு. மின்சாரத்திலும் அப்படியே. குளிர்காலத்தில் ஹீட்டரின் விசிறி 8 ஆம்ப் எடுத்து, எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலும் 32 ஆம்ப்-மணி போய்விடும். 100 ஆம்ப்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் அதற்குக் கேடில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால், கம்ப்ரசர் குளிர்பெட்டியும் சேர்ந்து ஓடினால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ முழுக் கொள்ளளவையும் தரும், ஆனால் 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. சிறிய அறை விரைவில் சூடாகிவிடுவதால், காட்டோரத் தங்கலுக்குச் சிறியதே ஏற்றது என்பது என் முடிவு.

பராமரிப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கூரையின் மூட்டுகளில் பூசிய சீலண்டைத் தவறாமல் பார்ப்பதும், டயரின் வயதைக் கவனிப்பதும் இரண்டுக்கும் பொது. பெரியதில் டயர் நான்கு, கூரையும் அகலம், அவ்வளவுதான். ஒற்றை அச்சில் ஒரு டயர் வெடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், இரட்டை அச்சு ஓரளவு தாங்கிப் பிடிக்கும். இந்த ஒன்றில் சிறியது பின்தங்குகிறது.

இவ்விரண்டுக்கும் வெளியே இருப்பவற்றில், கூடாரத் துணியால் விரியும் பாப்-அப் வகை மிக இலேசானது, காற்றுத் தடையும் குறைவு. ஆனால் நனைந்த துணியோடு மடித்துவிட்டால் வீட்டுக்கு வந்தவுடன் விரித்து உலர்த்தியாக வேண்டும், இல்லையெனில் பூஞ்சை பிடிக்கும். கரடி நடமாடும் சில தளங்களிலும் அதற்கு அனுமதி இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் தளம் கடினச் சுவருள்ள வண்டிகளை மட்டுமே ஏற்கிறது. பிக்-அப்பின் பின்தொட்டிக்குள் உள்ள ஹிட்சில் பொருந்தும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் சாலையில் மிக நிதானமானது, ஆனால் அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்-அப்பின் மேலேயே உட்காருவதால், முதல் வாங்குதலுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இருவராக, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே பயணம் செய்பவர்கள் சிறியதையே வாங்கலாம். மூன்று பிள்ளைகளோடு முழு இணைப்புள்ள தளத்தில் நாள்கணக்கில் தங்குபவர்களும், கனரக பிக்-அப் வைத்திருப்பவர்களும் நேரடியாகப் பெரியதற்குப் போவதில் தவறில்லை. நடுவில் நிற்கும் நால்வர் குடும்பத்துக்கு, சாதாரண பிக்-அப்போடு 6.5 முதல் 7 மீட்டர் நீளத்தில், நிரந்தரக் கட்டில் ஒன்றும் அடுக்குக் கட்டிலும் கொண்ட, உச்ச எடை 2,500 கிலோவுக்குள் நிற்கும் டிரெய்லர் பொருந்தும். மேசையைக் கட்டிலாக மாற்றும் வேலை அதில் தப்பிவிடுகிறது, பேலோடும் தாங்குகிறது.

எதை வாங்கினாலும் முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், முழு இணைப்புள்ள தளத்தில் இரண்டு இரவுகளாக இருக்கட்டும். இரண்டாவது இரவு மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். சக்கரத் தடுப்புகளை வைத்த பிறகே ஹிட்சைக் கழற்றுங்கள். புதிய சக்கரங்களின் நட்டுகளை முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். போகும் வழியிலேயே எடைமேடை ஒன்றில், பயணத்துக்கு ஏற்றிய நிலையில் ஒருமுறையும், டிரெய்லரைக் கழற்றிவிட்டு வாகனத்தை மட்டும் ஒருமுறையும், ஹிட்சிலிருந்து விடுவித்த டிரெய்லரை முன் ஜாக்கோடு சேர்த்து முழுவதுமாக மேடையில் நிறுத்தி ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள். தனித்து நின்ற டிரெய்லரின் எடையிலிருந்து, இணைத்த நிலையில் டிரெய்லரின் அச்சுகள் மட்டும் காட்டிய எடையைக் கழித்து டங் வெயிட்டைக் கண்டுபிடித்துவிடலாம்; எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் சுமையை டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றுவதால், அதன் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு நிறுத்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பின்பக்க அலமாரியில் இருக்கும் கனமான பொருள்களை அச்சுக்கு முன்னால் மாற்றி வைத்துவிட்டு மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.