காங்கேயத்தில் ஒரு நில வழக்கு வக்கீல்: தாராளமாகப் போகலாம்

பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் நிலம் நமக்கே என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பிக் கோர்ட் படி ஏறும் முன் இந்த ஆபீசுக்கு ஒருமுறை போய்விடுங்கள். விளம்பரம் வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் பெயர் போடவில்லை.

பாகம் பிரிந்தபோது மாமனாரின் பங்காளிக்கு விழுந்த கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம், எங்கள் காட்டை ஒட்டி இருக்கிறது. அவர்கள் கோயமுத்தூர் போனதிலிருந்து எங்கள் மாடுதான் அங்கே மேய்கிறது. கிளுவை வேலியில் சந்து விழுந்தால் போத்து (கிளைக்குச்சி) ஊன்றி அடைப்பதும் மாமனார்தான். இப்போது பங்காளி மகன்கள் விற்கப்போகிறார்கள் என்றதும், கேஸ் போட்டே ஆகணும் என்று வீட்டில் ஒரே பேச்சு.

வக்கீல் அடங்கல் (கிராமக் கணக்கின் சாகுபடிப் பதிவு) நகலை ஓரமாக வைத்துவிட்டு மாமனாரிடம் கேட்டார்: “ஏனுங்கய்யா, மொதல்ல யாரைக் கேட்டு உள்ள போனீங்க?”

“அவரேதானுங்க மேய்ச்சுக்கச் சொன்னாரு, வேலிய மட்டும் பாத்துக்கன்னாரு.”

அந்த ஒரு பதிலிலேயே கேஸ் நிற்காது என்று சொல்லிவிட்டார். சம்மதத்தோடு நுழைந்தால் எத்தனை வருஷம் இருந்தாலும் அது எதிரிடை அனுபவம், அதாவது அனுபவித்ததாலேயே அடுத்தவர் நிலத்துக்கு உரிமை வருவது, ஆகாதாம். உரிமையாளருக்கு எதிராக, ஊரறிய, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். அப்படி மாறிய நாளிலிருந்துதான் 1963 காலவரையறைச் சட்டத்தின் 12 வருஷம் ஓடும். அரசு நிலமென்றால் 30. அனுபவத்தில் இருப்பவரே வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது உண்மைதான், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் முழுக்க நம் தலையில். வெறும் மேய்ச்சலையும் வேலியையும் வைத்து நிரூபிப்பது கஷ்டம் என்றார்.

கேஸை எடுத்துக்கொண்டு வாய்தா வாய்தாவாக இழுத்திருந்தால் அவருக்குக் காசு. அதைச் செய்யாமல், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு நீங்களே கிரயம் பேசுங்கள் என்றாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். மாமனாருக்கும் பங்காளி வீட்டோடு பகை வேண்டாம் என்பதில் பெரிய நிம்மதி.

குறை என்றால் மாடிப்படி. செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடியும் இல்லை, வயசானவர்களுக்குச் சிரமம். போனையும் சாயங்காலம்தான் எடுக்கிறார்கள்.

போகும்போது மூலப்பத்திரம், பட்டா, அடங்கல் எல்லாம் கொண்டுபோங்கள். முதலில் அந்தக் காட்டுக்குள் போன ஆள் உயிரோடு இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.