குளிர்காலத்துக்கு பாத்தியில என்ன பசுந்தாள் போடலாம்? ரை, ஃபீல்ட் பீன்ஸ், டேர்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்த அனுபவம்

லண்டன்ல ஹேரோ பக்கம் ஒரு அலாட்மென்ட்ல (காய்கறி போட வாடகைக்குத் தர்ற பொதுத் தோட்டம்) பாதி ப்ளாட் வச்சிருக்கேன், சுமார் 125 சதுர மீட்டர் இருக்கும். மண்ணு சுத்தமான களிமண், கோடையில பாளம் பாளமா வெடிக்கும், ஜனவரில மிதிச்சா பூட்ஸை விடாது. செப்டம்பர் அக்டோபர்ல வெங்காயம், உருளை, பீன்ஸ் எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் பாத்தியை வெறுமனே விட்டா மழை அடிச்சு அடிச்சு மேல்மண்ணு இறுகிடுது, மிச்சம் இருக்கற நைட்ரேட்டும், அதாவது செடிக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தும், தண்ணியோட கீழ இறங்கிப் போயிடுது, வசந்தத்துல பாத்தா பாத்தி சிமென்ட் தரை மாதிரி கிடக்கும். அதனால வருஷா வருஷம் ஏதாவது ஒரு பசுந்தாளை, அதாவது மண்ணுக்கு உரமாகவே வளக்கற பயிரைப் போட்டு குளிர்காலம் பூரா நிக்க விட்டுடறேன்.

விதை பாக்கெட்டுல எல்லாத்துலயும் மண்ணுக்கு நல்லதுன்னுதான் போட்டிருக்கும். மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்ததுல எனக்குத் தெரிஞ்சது என்னன்னா, அது மண்ணுக்கு என்ன பண்ணுதுங்கறது ரெண்டாவது கேள்விதான். வசந்தத்துல அதை எப்படிக் காலி பண்ணப் போறோம், காலி பண்ணின இடத்துல என்ன வைக்கப் போறோம், இதைத்தான் முதல்ல பாக்கணும். ஊர்ல சணப்போ தக்கைப்பூண்டோ விதைச்சு பூ எடுக்கறப்போ மடக்கி உழுதுடுவாங்க, அந்த வெயிலுக்கு சீக்கிரமே மக்கிடும். இங்க மார்ச் மாசத்துல மண்ணு இன்னும் ஐஸ் மாதிரி இருக்கும், உழறதுக்கு நம்ம கையும் ஒரு ஃபோர்க்கும்தான்.

முதல்ல கிரேஸிங் ரை, கோதுமை மாதிரி ஒரு புல் வகை, பாக்கெட்டுல ஹங்கேரியன் ரைன்னும் போட்டிருப்பாங்க. மண்ணைக் காப்பாத்தற வேலைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. அக்டோபர் கடைசில தூவினாலும் முளைக்கும், எந்தக் குளிருக்கும் அசையாது, 2023-24 குளிர்காலத்துல மழை விடாம பேஞ்சதே, அப்போ பக்கத்துல வெறும் பாத்தி சேறும் சகதியுமா கிடந்தப்போ ரை நின்ன பாத்தில மண்ணு பொலபொலன்னு இருந்துச்சு. மார்ச்ல ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்க, வராது, ஃபோர்க்கை வச்சு நெம்பினா ஒரு செங்கல் அளவு மண்ணோட சேர்ந்து வரும், அதை உதறினா அத்தனையும் மயிர் மயிரா வேர், களிமண் கட்டியை நூலால தச்ச மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடியிருக்கும். நைட்ரேட்டை புடிச்சு வைக்கறது இந்த வேர்தான்.

ஆனா அதே வேர்தான் தலைவலியும். அந்த செங்கல்லைத் திருப்பிப் போட்டா பாதி செத்துப் போகும், பாதி ரெண்டு வாரத்துல ஓரத்துல இருந்து பச்சையா எட்டிப் பாக்கும். கொத்தாம வெறுமனே அறுத்து விட்டாலும் இளசா இருந்தா மறுபடி தூர் கட்டும், அறுத்தா சாகணும்னா பூ எடுக்கற வரைக்கும் விடணும், அது மே கடைசி ஜூன் ஆயிடும், அதுக்குள்ள தண்டு வைக்கோலாயிடும், அதை மண்ணுக்குள்ள தள்ளினா மக்கறதுக்கு மண்ணுல இருக்கற நைட்ரஜனையே அது எடுத்துக்கும், நம்ம செடி மஞ்சளா நிக்கும். இன்னொரு விஷயம், ரை மக்கும்போது வர்ற சில வேதிப்பொருள் சின்ன விதைகளை முளைக்க விடாது. கேரட், பார்ஸ்னிப், லெட்யூஸ் விதைக்கப் போற பாத்தில ரை வேண்டவே வேண்டாம். பூசணி, கோர்ஜெட் (சுக்கினி), தக்காளி மாதிரி மே கடைசில நாத்தா வைக்கற பாத்திக்குத்தான் ரை சரி. ஏப்ரல் தொடக்கத்துல முழங்கால் உயரம் வர்றதுக்குள்ள அறுத்துட்டு, மேல வெளிச்சம் புகாத கறுப்பு ஷீட்டைப் போட்டு நாலு புறமும் கல்லு வச்சு ஆறேழு வாரம் விட்டா செத்துடும். ஷீட்டைத் தூக்கறப்போ அடியில ஸ்லக் (ஓடில்லாத நத்தை) கூட்டமே இருக்கும், சாயங்காலமா போய் பொறுக்கிடுங்க, இல்லன்னா வச்ச நாத்தெல்லாம் அதுங்களுக்கு விருந்துதான்.

இந்த ரையைப் பார்த்துட்டு எதிர் ப்ளாட்ல இருக்கற யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க, "தம்பி, இதென்ன புல்லுப் பத்தை வளக்கிறியள், வெந்தயத்தைத் தூவி விடுங்கோவன், கறிக்கும் ஆகும்"னாங்க. வெந்தயமும் இங்க பசுந்தாள் விதைன்னு விக்கறாங்கதான். ஆனா குளிர்காலம் தாங்காது, முதல் உறைபனியிலயே படுத்துடும், அது மட்டுமில்லாம அதோட வேருக்கு ஏத்த பாக்டீரியா இந்த ஊர் மண்ணுல இல்லாததால பயறு வகையா இருந்தும் காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிக்காது. கீரைக்குன்னா அம்மா சொன்னது சரி, ஜூலைல கிச்சன் டப்பாவுல இருந்தே எடுத்துத் தூவலாம்.

இப்போ எனக்குப் பிடிச்ச ஃபீல்ட் பீன்ஸ். பிராட் பீன்ஸோட தம்பின்னு வச்சுக்கோங்க, கொட்டை சின்னதா இருக்கும், இங்க வயல்ல விளைஞ்சது முன்னாடி நிறைய எகிப்துக்கு ஃபூல் (அவங்க ஊர் பீன்ஸ் மசியல்) செய்யறதுக்குக் கப்பல் ஏறிச்சு. செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் போடலாம், சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 20 கிராம் விதை, களிமண்ணுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். தூவாதீங்க, விரலால ரெண்டு இன்ச் குழி போட்டு ஒண்ணொண்ணா போடுங்க, மேல கிடந்தா புறா ஒண்ணு விடாது. காலி பண்றதுதான் இதுல பெரிய சௌகரியம், தண்டை தரையோட தரையா வெட்டினா பெரும்பாலும் முடிஞ்சது கதை, எங்கயாவது ஒண்ணு ரெண்டு துளிர்க்கும், அதை கிள்ளி விட்டா போதும். வேரை அப்படியே மண்ணுல விட்டுடலாம், அதுக்கப்புறம் அந்த ஓட்டை வழியா தண்ணியும் காத்தும் இறங்கும். கொத்தவே வேண்டாம்.

ஆனா நைட்ரஜனுக்காக இதைப் போடறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பிப்ரவரில ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தா வேர் முடிச்சு, அதாவது நைட்ரஜன் பிடிக்கற பாக்டீரியா இருக்கற உருண்டை, மிளகு அளவுகூட இருக்காது. அதே பாத்தில ஏப்ரல் கடைசில பிடுங்கி முடிச்சை நகத்தால நசுக்கினா உள்ள ரோஸ் கலர்ல, கிட்டத்தட்ட ரத்தம் மாதிரி இருக்கும், அப்போதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். குளிர்ந்த மண்ணுல அது சும்மாதான் நிக்குது, மண்ணு சூடாக ஆரம்பிச்சாதான் பிடிக்குது. பிப்ரவரிலயே வெட்டிட்டு நைட்ரஜன் எங்கன்னு கேட்டா எங்க போறது? இன்னொண்ணு, வேர்ல இருக்கு நைட்ரஜன்னு எல்லாரும் சொல்றாங்க, பெரும்பகுதி இருக்கறது மேல தண்டு இலையிலதான், அதனால வெட்டினதை கம்போஸ்ட்டுக்கு தூக்கிட்டுப் போகாம அங்கயே நறுக்கி மூடாக்காப் போடுங்க. முதல் பூ வந்ததும் வெட்டிடணும், காய் பிடிக்க விட்டா சத்தெல்லாம் கொட்டைக்குள்ள போயிடும். நுனிக் கொழுந்தைக் கிள்ளி தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணா அருமை, கறுப்பு அசுவினி வர்றதுக்குள்ள கிள்ளிடணும். குறைன்னா செடிக்கு செடி நடுவுல இடம் இருக்கும், களை உள்ள புகுந்துடும், ரை மாதிரி தரையை மூடாது. ஈரமான வருஷத்துல இலையில காப்பிப்பொடி கலர்ல புள்ளி விழும், எப்படியும் வெட்டப் போறதுதானே, நான் கண்டுக்கறதில்ல.

வின்டர் டேர்ஸ், வெட்ச்னும் சொல்வாங்க, அதுவும் பயறு வகைதான், தரையை நல்லா மூடும், மக்கறதும் சீக்கிரம், முட்டைக்கோஸ் வகைக்கு முன்னாடி போட எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்லது இல்ல. ஆனா செப்டம்பர் பாதிக்குள்ள விதைச்சாகணும், லேட்டானா குச்சி குச்சியா நின்னு குளிர்காலத்தைக் கடத்தும், அவ்ளோதான். பாத்தி ஆகஸ்ட்லயே காலியாகற வெங்காயத்துக்குப் பின்னாடி போட்டா சரியா வரும். ரையும் டேர்ஸும் கலந்து விதைக்கறவங்களும் இருக்காங்க, டேர்ஸ் ரை மேல ஏறிக்கும், வைக்கோல் பிரச்சனையும் கொஞ்சம் குறையும், ஆனா காலி பண்ற வேலை ரையோட வேலைதான்.

கடுகு பத்தி ஒரு வரி: அது முட்டைக்கோஸ் குடும்பம், கிளப்ரூட் (முட்டைக்கோஸ் வகையோட வேரை வீங்க வைக்கற நோய்) இருக்கற மண்ணுல போட்டு அந்த நோய்க்கு தீனி போடாதீங்க, அது மண்ணுல இருபது வருஷம் வரைக்கும்கூட உக்காந்திருக்கும். எங்க அலாட்மென்ட்ல பல ப்ளாட்ல இருக்கு, அதனால நான் தொடறதே இல்ல. ஃபசீலியா ஊதாப் பூ பூக்கற ஒரு செடி, அழகு, தேனீ மொய்க்கும், நாம போடற காய்கறிக் குடும்பம் எதையும் சேராததால எந்தப் பயிருக்கு முன்னாடியும் போடலாம், ஆனா குளிர் தாங்கறது அந்த வருஷத்தைப் பொறுத்தது. 2022 டிசம்பர்ல லண்டன்ல ஸ்னோ கொட்டினப்போ என்னோடது ஒரே வாரத்துல கறுத்துச் சரிஞ்சுடுச்சு. சில பேருக்கு அதுவே வசதி, செத்தது மேல மூடாக்கா கிடக்கும், வசந்தத்துல வாரிட்டு விதைச்சுடலாம், கேரட் பாத்திக்கு நான் இப்போ இதைத்தான் போடறேன். கிரிம்ஸன் க்ளோவர், சிவப்புப் பூ பூக்கற பயறு வகைத் தீவனச் செடி, மணல்பாங்கான மண்ணுக்காரங்களுக்கு, என் களிமண்ணுல பாதி அழுகிடுச்சு, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

புதுசா ஆரம்பிக்கறவங்க கொத்தற பழக்கம் இல்லன்னா கண்ணை மூடிக்கிட்டு ஃபீல்ட் பீன்ஸ் வாங்கலாம், ஒரு விஷயம் மட்டும், அடுத்த வருஷம் அதே பாத்தில பட்டாணி, பிராட் பீன்ஸ் வைக்காதீங்க, ஒரே குடும்பம். டேர்ஸ் வேணும்னா விதையை ஜூலைலயே வாங்கி வச்சுடுங்க, அறுவடை முடியட்டும்னு உக்காந்திருந்தா தேதி தாண்டிடும். அக்டோபர்ல பூண்டு ஊனப் போற பாத்திக்கு இது எதுவுமே வேண்டாம், அது ஜூலை வரைக்கும் அங்கதான் நிக்கப் போகுது, கொஞ்சம் கம்போஸ்ட்டை மேல பரப்பி விட்டா போதும்.