பாவித்த கணினி வாங்குவோர் கவனத்துக்கு: திரையில் தெரியும் ஐ7ஐயும் 4 ஜிபியையும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்

வன்னியில் பாவித்த டெஸ்க்டொப் கணினி வாங்க எண்ணியிருப்பவர்கள், கடைக்காரர் திறந்து காட்டும் சிஸ்டம் விபரப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். கிளிநொச்சியில் ஏ9 வீதியை அண்டிய கடையொன்றில் என் மச்சான் ஏமாற்றப்பட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மச்சான் புதுக்குடியிருப்பில் திருமண, பூப்புனித நீராட்டு விழா வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவர். கடையில் காட்டிய கணினியின் சிஸ்டம் பக்கத்தில் புரொசெசர் இன்டெல் கோர் ஐ7-3770, 3.40 கிகாஹேர்ட்ஸ் என்றும், விண்டோஸின் டிஎக்ஸ்டியாக் என்ற சோதனைத் திரையில் கிராபிக்ஸ் கார்ட் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, நினைவகம் 4 ஜிபி என்றும் இருந்தன. புரொசெசருக்குள் நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) இருப்பதால் மொத்த வேகம் பதின்மூன்று கிகாஹேர்ட்ஸுக்கு மேல் என்று கடைக்காரர் பெருக்கியும் காட்டினாராம். கோர்களின் வேகத்தை அப்படிப் பெருக்கிச் சொல்வது தவறு. புறப்படும்போது அவர் சொன்னதுதான் முக்கியம்: "விண்டோஸை மாத்திப் போடாதேங்கோ தம்பி, ட்ரைவரையும் அப்டேட் பண்ணாதேங்கோ, வாரண்டி போயிடும்."

வீட்டில் சிறிய வேலைகள் ஒழுங்காகவே நடந்தன. ஒரு திருமணத்தின் முழு வீடியோவை ரெண்டர் செய்ய (எடிட் செய்ததை ஒரே கோப்பாக உருவாக்க) விட்டபோதுதான் திரை முழுவதும் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடி, கணினி உறைந்து போனது. பிறகு நான் விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தேன். ஐ7-3770க்கு 4 கோர்களும் 8 லொஜிக்கல் புரொசெசர்களும் இருக்க வேண்டும். அங்கே இருந்தவை 2 கோர்களும் 4 லொஜிக்கல் புரொசெசர்களும்தான். புரொசெசரை நேரடியாகச் சோதிக்கும் சிபியு-இசட் மென்பொருள் உண்மைப் பெயரைக் காட்டியது: கோர் ஐ3-2100, 32 நானோமீற்றர், 3.1 கிகாஹேர்ட்ஸ். சிஸ்டம் பக்கம் புரொசெசரின் பெயரை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களைச் சேமிக்கும் இடத்தில்) உள்ள ஒரு வரியிலிருந்து எடுத்துக் காட்டுகிறது; அந்த வரியை யாரும் மாற்றி எழுதலாம். கணினியை மீண்டும் இயக்கும்போது விண்டோஸ் அதைத் திரும்பச் சரியாக எழுதிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பொய்ப் பெயரைப் புகுத்துவதற்கென்றே குறித்த நேரத்தில் தானாக வேலைகளை இயக்கும் டாஸ்க் ஷெடியூலரில் ஒரு சிறு கோப்பை வைத்திருந்தார்கள். கணினி திறக்கும்போது கறுப்புப் பெட்டியொன்று கண்சிமிட்டும் நேரம் தோன்றி மறைவதை மச்சான் முன்பே கவனித்திருக்கிறார். விண்டோஸை மாற்றினால் அந்தக் கோப்பு அழிந்துவிடும் அல்லவா?

கிராபிக்ஸ் கார்டின் கதை இதைவிட மோசம். கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் ஜிபியு-இசட் மென்பொருள், கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று குறித்துக் காட்டியது. இந்த வசதி 2018இல் வந்த 2.12.0 பதிப்பிலிருந்து உண்டு. உள்ளே இருந்தது 192 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) மட்டும் கொண்ட, என்விடியாவின் பழைய ஃபெர்மி வகைச் சில்லு. உண்மையான 1050 டிஐயில் 768 இருக்கும். கார்டின் பயோஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, இல்லாத நினைவகத்தை 4 ஜிபி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். வேலை அந்தப் பொய் எல்லைக்குள் நுழைந்ததும் கோடுகள் விழுகின்றன. அதோடு, கார்டின் பின்புறத்தில் நீல நிற விஜிஏ துவாரம் இருந்தது. 1050 டிஐயின் பாஸ்கல் வகைச் சில்லு, விஜிஏக்குத் தேவையான அனலாக் வெளியீட்டைத் தருவதில்லை. எனவே இதைக் கண்ணால் பார்த்தே சந்தேகிக்கலாம்.

தனிக் கார்ட் இல்லாத கணினியிலும் 4 ஜிபி என்று காட்டி விற்பவர்கள் உண்டு. அது ரம்மிலிருந்து பகிர்ந்துகொள்ளக்கூடிய அளவு. 8 ஜிபி ரம் உள்ள கணினியில் விண்டோஸ் ஏறத்தாழப் பாதியை அவ்வாறு கணக்கில் காட்டும். டெடிகேற்றட் (கார்டுக்கே உரியது) என்று எழுதியிருக்கும் எண்ணையே பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது சிபியு-இசட், ஜிபியு-இசட் இரண்டையும் பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள். இன்ஸ்டோல் செய்யாமலே இயங்கும் பதிப்புகள் இருக்கின்றன. அதற்கு இடம் கொடுக்காவிட்டால் புரொசெசரின் பெயரையாவது கணினியின் பயோஸ் திரையில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையில்) திறந்து காட்டச் சொல்லுங்கள், விண்டோஸில் செய்த மாற்றம் அங்கே எட்டாது. புரொசெசர், கார்ட் இரண்டின் மாதிரி இலக்கங்களையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மச்சானின் பற்றுச்சீட்டில் "கணினி – 1" என்று மட்டுமே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்கள் முறையிட்டிருக்கிறோம். கடை மேசையில் வைத்து மச்சான் தொலைபேசியில் எடுத்த சிஸ்டம் பக்கத்தின் படத்தையும், ஜிபியு-இசட் திரையின் படத்தையும் இணைத்திருக்கிறோம்.