பச்சைத் திரையிலிருந்து பிரவுசருக்கு: ஏஎஸ்/400 மென்பொருளுக்கு எந்த வழி?

1988-இல் ஐபிஎம் கொண்டுவந்த வணிகக் கணினியான ஏஎஸ்/400, ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வர்களில் ஓடுகிறது. அதில் ஆர்பிஜி என்ற புரோகிராம் மொழியில் எழுதிய ஆர்டர் என்ட்ரி, ஸ்டாக், பில்லிங் புரோகிராம்கள் பல இடங்களில் இன்றும் கணக்குப் பிசகாமல் வேலை செய்கின்றன. சிக்கல் முகப்பில்தான். 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்ற 5250 டெர்மினலின் பச்சைத் திரை புதிதாக வேலைக்கு வருபவர்களை மிரட்டுகிறது. பிரவுசருக்கு மாற்றலாம் என்று முடிவானதும் சில வழிகள் முன்னால் வந்து நிற்கும். டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

மிகச் சீக்கிரம் முடிவது திரை மாற்றம். ஐபிஎம்மின் ஹேட்ஸ் போன்ற கருவிகள் 5250 டேட்டா ஸ்ட்ரீமை (சர்வர் திரைக்கு அனுப்பும் தரவை) நடுவில் வாங்கி, ஓடும்போதே எச்டிஎம்எல் ஆக்கித் தருகின்றன. புரோகிராமைத் தொடவே வேண்டாம். சோர்ஸ் தொலைந்துபோன பழைய புரோகிராமுக்கு இது பெரிய உதவி. ஆனால் திரையின் கட்டமைப்பு அப்படியே இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்க்க மூன்று திரை கடக்க வேண்டியிருந்தால், பிரவுசரிலும் அதே மூன்று பக்கம். 'எஃப்4' என்ற எழுத்து ஒரு பட்டன் ஆகியிருக்கும், அவ்வளவுதான். தகவலைப் பார்க்க மட்டும் உள்ள விசாரணைத் திரைகளுக்கு இது தாராளமாகப் போதும்.

அடுத்தது ஆர்பிஜி ஓபன் ஆக்சஸ். 2010-இல் ஐபிஎம் ஐ 7.1 பதிப்பின் காலத்தில் வந்தது. புரோகிராமில் டிஸ்ப்ளே ஃபைலை (திரையின் அமைப்பு இருக்கும் ஃபைல்) அறிவிக்கும் வரியில் ஹேண்ட்லர் என்ற சொல்லைச் சேர்த்தால், திரையை எழுதிப் படிக்கும் எக்ஸ்ஃபெம்ட் கட்டளை 5250-க்குப் போகாமல் நாம் சொல்லும் ஹேண்ட்லர் புரோகிராமுக்குப் போகும். அது பிரவுசருக்கான பக்கத்தைத் தயாரிக்கும். ஹேண்ட்லரைச் சொந்தமாக எழுதுவது லேசான வேலை அல்ல. பெரும்பாலும் புரொஃபவுண்ட் லாஜிக் போன்ற நிறுவனங்களின் தயாரிப்பை வாங்குவார்கள். பழைய லாஜிக் அப்படியே இருக்க, 80 எழுத்துக் கட்டுப்பாடு மட்டும் போய்விடுகிறது. இதில் எனக்கு நல்ல நம்பிக்கை உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தை டெமோவில் காட்ட மாட்டார்கள். பழைய புரோகிராம் ஒரு ரெக்கார்டைத் திருத்துவதற்காக செயின் (ரெக்கார்டைத் தேடிப் படிக்கும் கட்டளை) போட்டதும் அதற்கு லாக் விழும், வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. திரையில் காட்டி, பயனர் திருத்தி என்டர் தட்டி, அப்டேட் முடியும் வரை அந்த லாக் நீடிக்கும். பச்சைத் திரையில் யாரோ டீ குடிக்கப் போனாலும் எந்த டெர்மினல் என்று கண்டுபிடித்துவிடலாம். பிரவுசரில் டேபை மூடிவிட்டுப் போனால் சர்வருக்கு அது உடனே தெரியாது. செஷன் காலாவதியாகும் வரை அவருக்காக சர்வரில் ஓடும் ஜாபும் லாக்கும் உயிரோடு இருக்கும். அதே ரெக்கார்டைக் கேட்கும் இன்னொருவர், ஃபைலில் வேறு காத்திருப்பு நேரம் வைக்காவிட்டால், 60 நொடி காத்திருந்து, ரெக்கார்டு லாக்கில் இருக்கிறது என்று சொல்லும் 1218 என்ற பிழையை வாங்குவார். எனவே ஓபன் ஆக்சஸ் போடும் முன் லாக் இல்லாமல் படித்து, அப்டேட்டுக்கு முன் மறுபடி படித்து, நடுவில் யாரும் மாற்றவில்லையா என்று ஒப்பிடும்படி முக்கியமான புரோகிராம்களையாவது திருத்திவிடுவது நல்லது.

வெப் சர்வர் நேரடியாகப் புரோகிராமை அழைக்கும் சிஜிஐ வழியில் இந்த லாக் பேச்சே இல்லை. சிஜிஐடெவ்2 என்ற இலவசக் கருவியின் துணையோடு ஆர்பிஜியே எச்டிஎம்எல் பக்கம் எழுதும். ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. ஆனால் திரைக்குத் திரை நினைவை வைத்திருந்த பழைய புரோகிராமை அதற்கேற்பப் பிரித்து எழுத வேண்டும். சின்ன ரிப்போர்ட்டுகளுக்குச் சரி, பெரிய மென்பொருளுக்கு இன்று இதைத் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் ஜாவாவில் திருப்பி எழுதுவது எனக்குப் பயம் தரும் வழி. விலைச் சலுகை விதிகள் எந்த ஆவணத்திலும் இருக்காது, அந்த ஆர்பிஜி வரிகளில்தான் இருக்கும். எழுதியவர்களும் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

மனசுக்குப் பிடித்தது ஏபிஐ வழி, அதாவது மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம். விலைக் கணக்கு, கடன் வரம்பு, இருப்புச் சோதனை ஆகியவற்றைத் திரையிலிருந்து பிரித்து, பல புரோகிராம்கள் பொதுவாக அழைக்கும் சர்வீஸ் புரோகிராம்களில் வைப்பது. ஐபிஎம் ஐயுடனேயே வரும் இன்டக்ரேட்டட் வெப் சர்வீசஸ் சர்வர் மூலம் அவற்றை வெப் வழியாக அழைக்கக்கூடிய ரெஸ்ட் ஏபிஐ ஆக்குவது. முகப்பைத் தனியாக ஜாவாஸ்கிரிப்டில் கட்டுவது. மெதுவாக நடக்கும் வேலை இது. ஆனால் செய்த ஒவ்வொரு துண்டும் மொபைல் ஆப்புக்கும் வாடிக்கையாளர் தளத்துக்கும் பயன்படும்.

எந்த வழி எடுத்தாலும், நாள் முழுக்க டேட்டா அடிக்கும் ஆபரேட்டர்களைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அளவு என்ற கட்டத்தில் 1250 இருக்கிறது. பச்சைத் திரையில் 40 தட்டி ஃபீல்ட் எக்ஸிட் விசையை அழுத்தினால் மீதி அழிந்து 40 மட்டும் நிற்கும், கர்சர் அடுத்த கட்டத்துக்கு ஓடும். பிரவுசரில் கட்டத்தின் முன்பக்கம் கிளிக் செய்து 40 அடித்தால் 401250 ஆகிவிடும். எஃப்3 அடித்து வெளியே வந்து பழகிய விரலுக்கு பிரவுசரின் தேடல் பெட்டி திறக்கும். அடுத்த திரை வருவதற்குள் அதற்கான எழுத்துகளை முன்கூட்டியே தட்டிவிடும் பழக்கமும் பலருக்கு உண்டு. பச்சைத் திரையைப் பிசியில் காட்டும் எமுலேட்டர் அதைப் பிடித்து வைத்துக் கொடுக்கும், பக்கம் மாறும் பிரவுசரில் அது காணாமல் போகும். விசைகளைத் தனியாக மேப் செய்யவும், பக்கத்தை முழுதாக மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றவும் கருவி இடம் தருகிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

என் தேர்வு கலவைதான். விசாரணைத் திரைகளுக்குத் திரை மாற்றம், மேனேஜர்கள் எப்போதாவது திறக்கும் பராமரிப்புத் திரைகளுக்கு ஓபன் ஆக்சஸ், வெளியாட்கள் தொடும் எதற்கும் ஏபிஐ. ஆர்டர் என்ட்ரி ஆபரேட்டர்களுக்கு, அவர்களே புதுத் திரையில் பழைய வேகம் வருகிறது என்று சொல்லும் வரை எமுலேட்டரைப் பிடுங்க வேண்டாம். அதுவரை இரண்டு முகப்புக்கும் அடியில் ஒரே சர்வீஸ் புரோகிராமை ஓடவிடலாம்.