கனடா தனியார் அகதி ஸ்பொன்சர்: காசு கொடுக்க முன்னர் தகுதியைப் பாருங்கள்

ஸ்காபுரோவில் ஒரு குடும்பம், மூன்று உறவுகளைக் கனடாவுக்கு எடுப்பதற்கென்று குடிவரவு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் தங்கை, தமிழ்நாட்டு முகாமில் அண்ணன் குடும்பம், மலேசியாவில் மைத்துனர். மூன்று பேருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "இரத்த உறவுதானே, கட்டாயம் சரிவரும்."

பொய் தொடங்குவதே அந்த இடத்தில்தான். தனியார் ஸ்பொன்சரில், அதாவது கனடாவில் உள்ள ஆட்களோ அமைப்புகளோ வெளிநாட்டில் இருக்கும் அகதியைப் பொறுப்பெடுத்து அழைக்கும் திட்டத்தில், உறவுமுறை ஒரு தகுதியே கிடையாது. வருகிறவர் அகதி என்ற வரையறைக்குள் வரவேண்டும், சொந்த நாட்டுக்கு வெளியே இருக்கவேண்டும், அவருக்கு வேறு நிலையான தீர்வு இருக்கக்கூடாது. தீர்வு என்றால் பாதுகாப்பாக ஊர் திரும்புவது, இருக்கும் நாட்டிலேயே நிரந்தரமாக வாழ்வது, அல்லது இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையின் விஷயம் இதிலேயே முடிந்துவிட்டது. சொந்த நாட்டுக்குள் இருப்பவரை மீள்குடியேற்றத்துக்கு எடுக்க இடம் தந்த பிரிவைக் கனடா 2011இல் நீக்கிவிட்டது. ஆனாலும் அவருக்கும் "பைல் போட்டாச்சு" என்று சொல்லிக் காசு வாங்கப்பட்டிருக்கிறது.

அண்ணன் குடும்பத்தின் நிலை சிக்கலானது. அவர்கள் நாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள், முகாம் அட்டையும் உண்டு. அந்த அட்டை நல்ல ஆதாரம்தான், ஆனால் முடிவெடுப்பது கனடிய விசா அதிகாரி. ஏன் ஓடிவந்தீர்கள், இன்று திரும்பினால் என்ன நடக்கும், இந்தியாவில் ஏன் நிரந்தரமாக வாழ முடியாது என்று அவர் நேர்காணலில் கேட்பார். அதற்கான பதில்கள் விண்ணப்பத்தோடு சேரும் இரண்டாம் அட்டவணைப் படிவத்தில் (Schedule 2) விண்ணப்பதாரரின் சொந்த அனுபவமாக இருக்கவேண்டும். இந்த ஏஜென்ட் பலருக்கும் ஒரே கதையை வெட்டி ஒட்டியிருக்கிறார். நேர்காணலில் திகதிகளும் ஊர்ப்பெயர்களும் பொருந்தாமல் போக, நம்பகத்தன்மை இல்லையென்று நிராகரிப்பு வந்தது. உண்மையாகவே துன்பப்பட்ட குடும்பம் அது. அதனால்தான் இந்த வஞ்சகம் பொறுக்கமுடியவில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் தேவை. பொதுவாக 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளையைத்தான் பெற்றோரின் விண்ணப்பத்தில் சேர்க்கலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் கல்யாணம் முடித்தவர்களுக்கும் தனி விண்ணப்பம் வேண்டும், தகுதியையும் அவர்களே தனியாக நிறுவவேண்டும். பிறந்த இடத்தையும் பார்க்கவேண்டும்: 1987 ஜூலை 1க்கு முன்னர் இந்தியாவில் பிறந்தவர் அந்நாட்டுச் சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகலாம். அப்படியானால் இந்தியாவின் பாதுகாப்பு அவருக்கு உண்டு, அகதி என்று விண்ணப்பிப்பது நிற்காது. பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாராமல் காசு கேட்கிறவருக்கு வேலை தெரியாது, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

கூட வராத மனைவி, கணவன், பிள்ளை எல்லோரையும் படிவத்தில் கட்டாயம் எழுதவேண்டும். எழுதியிருந்தால், வந்து ஓராண்டுக்குள் அவர்களை அழைக்க வழி உண்டு. "பேரைக் கூட்டினால் லேட்டாகும், விடுங்கோ" என்ற பேச்சைக் கேட்டு மறைத்தால், பின்னர் குடும்ப வகையில் கூப்பிடும் வாய்ப்பும் அடிபடலாம்.

மலேசியாவில் இருக்கும் மைத்துனருக்கு ஐவர் குழு (கனடாவில் உள்ள ஐந்து பேராவது சேர்ந்து ஸ்பொன்சர் செய்வது) வழியாக விண்ணப்பித்திருக்கிறார்கள். ஐவர் குழுவும் சமூக ஸ்பொன்சரும் (உள்ளூர் அமைப்பு ஒன்று ஸ்பொன்சர் செய்வது) ஏற்கெனவே அகதியாக அங்கீகரிக்கப்பட்டவரைத்தான் எடுக்கலாம். யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) அல்லது அந்த நாட்டு அரசு கொடுத்த ஆவணத்தை இணைக்கவேண்டும். மைத்துனரிடம் இருந்தது புகலிடம் கோருபவர் என்ற கடிதம் மட்டும், அதாவது அவருடைய வழக்கு இன்னும் பரிசீலனையில். பார்வைக்கு இரண்டு கடிதமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமலே திரும்பி வந்தது. அரசுடன் ஒப்பந்தம் செய்த ஸ்பொன்சர் அமைப்புகளுக்கு, அதாவது சா (SAH) என்று சொல்லப்படுபவற்றுக்கு, இந்த ஆவணம் கட்டாயமில்லை. ஆனால் அவற்றுக்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு, அந்த இடங்களை யாரும் விலைக்கு விற்கமுடியாது. "சாவில் ஒரு சீட் வாங்கித் தாறன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஐவர் குழு, சமூக ஸ்பொன்சர் இரண்டுக்கும் புதிய விண்ணப்பம் எடுப்பதைக் கனடா 2024 நவம்பர் 29 அன்று நிறுத்தியது. முதல் அறிவிப்பு 2025 டிசம்பர் 31 வரை என்றிருந்தது. இன்றைய நிலையைக் குடிவரவு அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே பார்த்துவிட்டுத்தான் ஆட்களைச் சேர்க்கவேண்டும். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு அந்த மாகாணத்தின் தனி நடைமுறை.

காசைப் பற்றி. அகதி மீள்குடியேற்ற விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை. யூஎன்எச்சிஆர் எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை. மருத்துவப் பரிசோதனைச் செலவை மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் பார்க்கும். விமானப் பயணத்துக்கு அரசுக் கடன் கிடைக்கும், 2018 முதல் அதற்கு வட்டியில்லை. எனவே "மெடிக்கல் பீஸ்", "டிக்கெட் டெப்போசிட்", "எம்பசிக்குக் கட்ட" என்று கேட்பதெல்லாம் பொய். உண்மையான செலவு, வந்தவரை 12 மாதம் வரை தாங்குவது: வாடகை, சாப்பாடு, உடுப்பு, தளபாடம். அந்தப் பணம் வரவிருக்கும் குடும்பத்துக்குரியது. விண்ணப்பம் போடுவதற்காக அகதியிடமிருந்தே காசு வாங்குவது விதிப்படி தடை.

கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லச் சட்டத்தரணிக்கும், சட்டச் சங்கத்தில் பதிந்த பாராலீகலுக்கும், கியூபெக் நோட்டரிக்கும், குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் அமைப்பு) உரிமம் பெற்றவருக்கும்தான் அனுமதி. கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். பிரதிநிதிப் படிவமான ஐஎம்எம் 5476இல் தன் பெயரைப் போட மறுக்கிறவரை நம்பவேண்டாம். வெறும் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். கோப்பு ஏற்கப்பட்டால் ஜீ (G) என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கம் வரும், அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஈ-டிரான்ஸ்பர் பதிவுகள், வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். கோப்பில் என்ன இருக்கிறது என்று தகவல் அறியும் விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். கட்டணம் 5 டொலர், விண்ணப்பதாரரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பொலிஸிலும் கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் முறையிடுங்கள். ஆள் உரிமம் உள்ளவரென்றால் கல்லூரியிலும். கோப்பில் பொய்யான விவரம் இருந்தால், அதிகாரி கண்டுபிடிக்க முன்னர் நீங்களே எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள். பொய்த் தகவலுக்கு ஐந்தாண்டுத் தடை வரும், அது விழுவது ஏஜென்ட் மேல் அல்ல, முகாமில் காத்திருக்கும் அந்த மனிதர் மேல்.